கண்ணால் கண்டதா, கணக்கால் கண்டதா?

கேட்டவர் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். விடுதி அறையில் நண்பனோடு நடந்த வாக்குவாதத்தை அப்படியே எழுதியிருக்கிறார். நண்பனின் கட்சி இது: ராமானுஜன் திருவல்லிக்கேணியில் ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார், ஆய்வகமும் இல்லை கருவியும் இல்லை, ஆகவே அசல் அறிவு புத்தியிலிருந்துதான் பிறக்கிறது, கண்ணும் காதும் வெறும் எடுபிடி. இவருடைய கட்சி: கண்ணால் பார்க்காததையும் கையால் தொடாததையும் அறிவு என்றே ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டில் எது சரி என்று கேட்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கேள்வி. உண்மையில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் பிரிக்காமல் விடிய விடியப் பேசினாலும் முடிவு வராது. ஒரு எண்ணம் நம் மண்டைக்குள் எந்த வழியாக வந்தது என்பது ஒன்று. அது உண்மைதான் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பது இன்னொன்று. ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களைக் காட்டியதாக அவர் சொன்னார் என்பார்கள். இருக்கட்டும், அது முதல் கேள்விக்கான பதில். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் அனுப்பிய தேற்றங்களை, ஹார்டி எந்தக் கனவையும் நம்பி ஏற்கவில்லை. சக கணித அறிஞர் லிட்டில்வுட்டையும் கூட உட்கார வைத்துக்கொண்டு ஆராய்ந்து பார்த்தார். அது இரண்டாவது கேள்வி. கனவில் வந்தது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம், வந்த வழி அதைத் தீர்மானிக்காது. உங்கள் சண்டையில் பாதி இந்த இரண்டையும் கலந்ததால் வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் இளங்கலையில் கணிதம் படித்து, அப்புறம் தத்துவத்துக்கு மாறி, சென்னையில் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் அளவையியல், அதாவது தர்க்கம், வகுப்பு எடுத்தவன். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு உருவத்தில் வகுப்பில் எழும். எது தீர்ந்துபோன விஷயம், எது இன்னும் தீராதது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். தீர்ந்துபோனது என்று தயங்காமல் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: நீங்கள் இருவரும் வைத்திருக்கிற உருவத்தில் இரண்டு கட்சியும் நிற்காது.

முதலில் உங்கள் கட்சி, ஏனென்றால் அது நம்மிடம் மிகப் பழையது. மணிமேகலையின் 27-ஆவது காதையில், மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகரில் சமயவாதிகளை ஒவ்வொருவராகச் சந்தித்து உங்கள் தரப்பு என்ன என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். கடைசியாக வருபவன் பூதவாதி, எல்லாமே பூதங்கள் என்கிற மூலப்பொருள்களின் சேர்க்கைதான் என்பவன். கண்கூடாகத் தெரிவது மட்டுமே செல்லும், ஊகித்து அறிவதெல்லாம் அடிபட்டுப் போகும் என்கிறான், கிட்டத்தட்ட உங்கள் வாக்கியமே. அவள் சிரித்துவிட்டு ஒன்று கேட்கிறாள்: உன் தாயும் தந்தையும் இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் இந்த உலகத்தில் வேறு எப்படி அறிவாய்? இந்தக் கேள்விக்கு நேர்ப்பார்வையை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லவே முடியாது. இதைவிட ஆழமான இன்னொரு அடியையும் இந்தியத் தர்க்கவாதிகள் கொடுத்தார்கள். ‘நேரில் காண்பது மட்டுமே அறிவு’ என்கிற அந்த விதியை எந்தக் கண் பார்த்தது? இதுவரை நடந்தது, இனி நடக்கப்போவது, வேறு ஆட்களுக்குள் நடப்பது எல்லாவற்றையும் பற்றிய விதி அது. அதைச் சொல்ல வாயைத் திறந்தவுடனேயே நீங்கள் பார்வையைத் தாண்டிவிட்டீர்கள். இதற்குப் பூதவாதியின் தரப்பிலிருந்து திருப்தியான பதில் எதையும் நான் படித்ததில்லை.

அதே காப்பியத்தில் 29-ஆவது காதையில் மணிமேகலையின் குருவான அறவண அடிகள் அளவை, அதாவது அறிவு பெறும் வழி, இரண்டே என்கிறார், நேரே காண்பது ஒன்று, அதை வைத்துக் கருதி அறிவது ஒன்று. அங்கே வருகிற உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மலைமேல் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் போல. அந்த அடுக்களைதான் முக்கியம். புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை அடுக்களையில் பார்த்துப் பழகாதவனுக்கு மலைமேல் தெரிகிற புகை எதையும் சொல்லாது. அதே சமயம், அடுக்களையில் ஆயிரம் தடவை பார்த்தவனுக்கும் மலைமேல் இருக்கிற நெருப்பு கண்ணில் படவில்லை, அதை அவன் யோசித்துத்தான் அடைந்தான். கண்டதிலிருந்து காணாததற்குப் போகிற அந்த அடியை எடுத்து வைப்பது கண் இல்லை.

சரி, முதல் கேள்விக்கு, அதாவது எண்ணங்கள் எந்த வழியாக வருகின்றன என்பதற்கு, சோதனை ஏதாவது உண்டா? ஒன்று உண்டு, அதுவும் பெரும்பகுதி இந்தியாவில் நடந்தது. 1688-இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மோலினூ ஒரு கேள்வியை எழுப்பினார். அவர் மனைவி கல்யாணமான கொஞ்ச நாளிலேயே பார்வையை இழந்தவர், அதனால் அவருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பிறவியிலேயே கண் தெரியாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுத் தொட்டு நன்றாக அறிந்து வைத்திருக்கிறார், திடீரென்று அவருக்குப் பார்வை வருகிறது, கையால் தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது உருண்டை எது கனசதுரம் என்று சொல்லிவிடுவாரா? ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1694-இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் இதைச் சேர்த்து, முடியாது என்று பதில் எழுதினார். தொட்டு அறிந்த உருவம் வேறு, பார்த்து அறியும் உருவம் வேறு, இரண்டையும் இணைப்பது பழக்கம் மட்டுமே என்பது அவர் வாதம். ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் முடியும் என்றார். உருண்டைக்கு மூலையே இல்லை, கனசதுரத்துக்கு எட்டு மூலை, முன்னால் இருப்பவை இவை இரண்டும்தான் என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் யோசித்தே கண்டுபிடிப்பார் என்றார். உங்கள் விடுதிச் சண்டைதான் இது, முன்னூறு வருடத்துக்கு முந்தைய உருவத்தில்.

1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் செசல்டன், கண்புரை நீக்கப்பட்ட ஒரு பதின்ம வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பூனை எது நாய் எது என்று அவனுக்குப் பார்வையில் குழப்பம், திரும்பத் திரும்பக் கேட்க வெட்கம். ஒரு நாள் பூனையைப் பிடித்து, கையால் தடவிப் பூனைதான் என்று உறுதி செய்துகொண்டு, உற்றுப் பார்த்துவிட்டுக் கீழே விட்டு, இனி உன்னை எனக்கு அடையாளம் தெரியும் என்றானாம். ஒரே ஒரு பையனின் கதை என்பதால் அதை வைத்துப் பெரிதாக எதையும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹாவின் ‘புராஜெக்ட் பிரகாஷ்’ குழு, இந்தியாவில் பிறவியிலிருந்தே பார்வை இல்லாமல் இருந்து சிகிச்சையால் பார்வை பெற்ற 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐந்து பேரைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டது. பொம்மைக் கட்டைகள் போன்ற உருவங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டுப் பார்வையாலேயே அதன் ஜோடியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சரியாகச் செய்தார்கள், தொட்டதைத் தொட்டே கண்டுபிடிப்பதும் சரியாக வந்தது. ஆனால் கையால் தொட்டதைக் கண்ணால் அடையாளம் காட்டச் சொன்னபோது கிட்டத்தட்டக் குருட்டாம்போக்கில் சொன்னது போலத்தான் வந்தது. லாக் ஜெயித்துவிட்டார் என்று தோன்றும். ஆனால் சில நாட்கள், சில வாரங்களிலேயே, தனியாக யாரும் பயிற்சி கொடுக்காமலே, அந்த இணைப்பு அவர்களுக்கு வந்துவிட்டது.

இதை எப்படிப் படிப்பது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கண்ணைத் திறந்த புதிதில் அந்தப் பிள்ளைகளுக்கு முப்பரிமாண உருவமே சரியாகப் பிடிபட்டிருக்காது, பொருளை அசைத்தும் சுற்றியும் காட்டியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்று ஆட்சேபம் சொன்னவர்கள் உண்டு, அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. என் கணிப்பு இது: தொடுகையும் பார்வையும் தானாகவே ஒரே மொழியில் பேசிக்கொள்வதில்லை, ஆனால் அவை இரண்டையும் இத்தனை வேகமாக இணைக்கிற தயார்நிலை எங்கேயோ ஏற்கெனவே இருக்கிறது. வெறும் வெற்றுப் பலகைக்கு இவ்வளவு சீக்கிரம் அது வந்திருக்காது. கணிப்பு என்றுதான் சொல்கிறேன், நிரூபணம் என்று சொல்லவில்லை.

அடுத்து நண்பனின் கட்சி. அவர் எடுத்த உதாரணத்தையே பார்ப்போம், ஏனென்றால் ராமானுஜனின் வேலை அவர் நினைப்பது போல் அந்தரத்தில் நடந்ததல்ல. ஸ்லேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டு, எண்களோடு வருடக்கணக்கில் புழங்கினார். ஒவ்வொரு எண்ணும் அவருக்குச் சொந்த நண்பன் என்று லிட்டில்வுட் சொன்னது அதனால்தான். அந்த 1913 கடிதத்திலேயே, ஒரு எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதை மிகச் சொற்பப் பிழையோடு கொடுக்கும் சூத்திரம் ஒன்று தன்னிடம் இருப்பதாக எழுதியிருந்தார். பின்னால் ஆராய்ந்தபோது அது அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமில்லை என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய உள்ளொளியும் அங்கே வழுக்கிற்று. பகா எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதைப் பார்த்தால் உங்கள் இருவருக்குமே பாடம் இருக்கிறது.

பகா எண்களின் எண்ணிக்கைக்கு ஜெர்மானியக் கணித மேதை காஸ் கொடுத்த ஒரு மதிப்பீடு உண்டு. 10 லட்சத்துக்குள் உண்மையில் இருப்பவை 78,498, மதிப்பீடு அதைவிடச் சுமார் 130 கூடுதலாகக் காட்டும். ஒரு கோடிக்குள் 6,64,579, மதிப்பீடு 339 கூடுதல். பத்துக் கோடிக்குள் 57,61,455, மதிப்பீடு 754 கூடுதல். தொடக்கத்தில் இருக்கிற சில சின்ன எண்களை விட்டுவிட்டால், இதுவரை கணினி எண்ணிப் பார்த்த இடமெல்லாம் மதிப்பீடுதான் பெரிது. கண்ணை மட்டும் நம்புகிறவர் என்ன சொல்வார்? எப்போதும் அப்படித்தான் என்பார், இத்தனை கோடி சாட்சி வேறு எந்த விஷயத்துக்கு இருக்கிறது? ஆனால் லிட்டில்வுட் 1914-இல் நிரூபித்தார்: அது எப்போதும் அப்படி இருக்காது, எங்கேயோ உண்மை எண்ணிக்கை மதிப்பீட்டைத் தாண்டும், திரும்பக் கீழே இறங்கும், இப்படி முடிவில்லாத தடவை மாறும். முதல் மாற்றம் நடப்பது முந்நூறு இலக்கத்துக்கும் மேற்பட்ட எண்ணுக்கு அருகில் என்பது இன்றைய மதிப்பீடு. அதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, எண்ணிப் பார்க்கப் போவதும் இல்லை. இருந்தாலும் அது உண்மை என்று நமக்குத் தெரியும், பக்கத்துத் தெருவில் கடை இருக்கிறது என்பதைவிட உறுதியாகத் தெரியும். ‘பார்க்காததை ஏற்கமாட்டேன்’ என்பதற்கு இதைவிட வலுவான எதிர்வாதம் எனக்குத் தெரியாது. இந்தச் சுற்றில் உங்கள் நண்பனுக்குத்தான் வெற்றி.

ஆனால் இது எண்களைப் பற்றியது. உலகத்தைப் பற்றி வந்தவுடன் கதை மாறுகிறது, அதற்கு வெகுதூரம் போகவேண்டாம், பரங்கிமலைக்குப் போனால் போதும். 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன், இந்திய நில அளவையின் தொடக்கமாக, அந்த மலையடிவாரத்தில் ஒரு நேர்கோட்டின் நீளத்தை அளக்க ஆரம்பித்தார், தெற்கே பெரும்பாக்கம் பக்கமாகச் சுமார் ஏழரை மைல், 40,000 அடிக்குக் கொஞ்சம் மேல். கையில் 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதைத் தரையில் போடாமல், முக்காலிகளின் மேல் ஏற்றிய நீள மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானிகள் வைத்து, இழுத்துப் பிடித்துக் குறித்து, அப்புறம் அடுத்த 100 அடி, இப்படி நானூறு தடவை. சித்திரை வெயில். எஃகு சூட்டில் நீளும், ஒரு பாகை பாரன்ஹீட் தப்பாகக் கணக்கில் எடுத்தால் மொத்த நீளத்தில் சுமார் 3 அங்குலம் பிசகிவிடும், அதற்காகத்தான் அந்த வெப்பமானிகள். ஏழரை மைலில் 3 அங்குலத்துக்கு ஒரு மனிதர் இவ்வளவு மெனக்கெட்டார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை.

அந்த ஒரு நீளம் கையில் வந்த பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் தூரத்து உச்சி ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், மற்ற இரண்டு பக்கங்களும் திரிகோணமிதியில் தாமாக வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. குன்று கிடைக்காத இடத்தில் கோபுரத்தின் மேல் ஏறினார்கள். அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு விட்டு அது அடிபட்டதும், லாம்ப்டன் தானே உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைச் சரிசெய்ததும் தனிக் கதை. அளந்தது கொஞ்சம், யோசித்து அடைந்தது ஏராளம். அப்படியானால் புத்திக்கே முதல் மரியாதையா? லாம்ப்டன் அப்படி நினைக்கவில்லை. 1804-இல் பெங்களூர் அருகே மறுபடியும் சங்கிலியை எடுத்து இன்னொரு நேர்கோட்டை அளந்தார், முக்கோணங்கள் அந்த நீளம் என்ன என்று ஏற்கெனவே சொல்லியிருந்தும் அளந்தார். சில அங்குலமே வித்தியாசம் வந்தது. ஒத்துவந்ததற்குப் பிறகுதான் மேலே போனார்.

இந்த முக்கோணங்களில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்று எட்டாம் வகுப்பில் படித்தோம், அதை எந்தக் கருவியாலும் அளந்து நாம் ஏற்கவில்லை, நிரூபணத்தால் ஏற்றோம். ஆனால் நில அளவையின் பெரிய முக்கோணங்களில் கூட்டல் 180-ஐத் தாண்டும். பூமி உருண்டை என்பதால், சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை, அதாவது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு, கூடுதலாக வரும். தேற்றம் பொய்யா? இல்லை. தளம் சமதளமாக இருந்தால் 180 என்றுதான் தேற்றம் சொல்கிறது. இருந்தால் இப்படி என்பதைப் புத்தி கொடுக்கிறது, அப்படி இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் நண்பன் இந்த இரண்டையும் பிரிக்காமல், புத்தி கொடுக்கிற உறுதியை உலகத்துக்கும் அப்படியே நீட்டிவிடுகிறார், அவர் சறுக்குகிற இடம் அதுதான்.

கணக்கும் கண்ணும் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே நில அளவையிலேயே விடை இருக்கிறது, நான் வகுப்பில் எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவழிப்பது இதற்குத்தான். லாம்ப்டனுக்குப் பிறகு பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் நில அளவை இமயமலை வரை போனது. மத்திய இந்தியாவில் கல்யாண்பூர், மலைக்கு அருகே கலியானா, இரண்டுக்கும் நடுவே சுமார் 600 கிலோமீட்டர். அந்த இடைவெளியை முக்கோணங்களால் கணக்கிட்டால் ஒரு விடை, இரண்டு ஊரிலும் நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையிலிருந்து கணக்கிட்டால் இன்னொரு விடை. வித்தியாசம் 5.236 விகலை, தரையில் கிட்டத்தட்ட 160 மீட்டர். அங்குலக் கணக்குப் பார்க்கிற ஆட்களுக்கு இது பெரிய ஓட்டை.

கல்கத்தாவில் திருச்சபை அதிகாரியாக இருந்த பிராட் என்ற கணிதக்காரர் காரணத்தை ஊகித்தார். நட்சத்திரத்தின் உயரத்தை அளக்க, செங்குத்து எது என்று தெரிய வேண்டும், அதைச் சொல்வது கொத்தனார் பிடிக்கிற அதே தூக்குக்குண்டுதான். பக்கத்தில் இமயமலை போல ஒரு பெரும் பாரம் நின்றால் அது குண்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கும், செங்குத்தே சாய்ந்துவிடும். அருமையான ஊகம். ஆனால் மலையின் நிறையைக் கணக்கிட்டு எவ்வளவு இழுக்கவேண்டும் என்று போட்டுப் பார்த்தால் 15.885 விகலை வந்தது. உண்மையில் இருந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. மலை இழுக்கிறது, ஆனால் இழுக்கவேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை. நண்பனிடம் கேளுங்கள், இங்கே யாரை நம்புவார்? கணக்கில் தப்பு இல்லை. அளவையிலும் தப்பு இல்லை. பிராட், ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி இருவரும் 1855-இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஏரியின் பதில் இது: தண்ணீரில் மிதக்கிற மரக்கட்டைகளில் எது அதிக உயரம் எழும்பி நிற்கிறதோ அது அதற்கேற்ப அடியிலும் ஆழமாக அமிழ்ந்திருக்கும். மலைகளும் அப்படித்தான், அடியில் கனம் குறைந்த பாறை ஆழமாக வேர் விட்டிருக்கிறது, அந்த வேர் இருக்கிற இடத்தில் கனமான பாறை இல்லாததால் இழுப்பு குறைகிறது. இமயத்துக்கும் திபெத்துக்கும் அடியில் பூமியின் மேலோடு சுமார் 70 கிலோமீட்டர் தடிமன், சமவெளிகளில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதைப் பின்னாளில் நிலநடுக்க அலைகள் காட்டின.

தப்பு எங்கே இருந்தது என்று கவனியுங்கள். மலைக்கு அடியில் இருப்பதும் சமவெளிக்கு அடியில் இருப்பதும் ஒன்றுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், யாரும் அதை வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. குண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரிந்திருக்காது, ஏனென்றால் எவ்வளவு சாயவேண்டும் என்று கணக்கு சொல்லாதவரை அந்தச் சாய்வில் விசித்திரம் எதுவும் இல்லை. கணக்கை மட்டும் நம்பியிருந்தால் 15.885 என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு இந்தச் சண்டையில் முக்கியமாகப் படுவது இதுதான். எது முதல், எது பெரிது என்பதைவிட, இரண்டும் முரண்படும்போது எதையும் கைவிடாமல் அந்த முரணைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிவது.

தீராத விஷயங்களுக்கு வருகிறேன். அடுக்களையில் பார்த்ததை மலைக்கு நீட்ட நமக்கு என்ன உரிமை என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் 1748-இல் கேட்டார். இதுவரை அப்படி நடந்தது, ஆகவே இனியும் நடக்கும் என்பதற்குத் தர்க்க நிரூபணம் இல்லை, அனுபவத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அது தனக்குத் தானே ஜாமீன் போடுவது ஆகும். ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் 1781-இல் கொடுத்த விடை பெரிய முயற்சி: அனுபவம் என்பதே நம் மனதின் வடிவங்களுக்குள் வந்துதான் அனுபவமாகிறது என்றார். ஆனால் யூக்ளிடின் வடிவியலையும் அப்படி மாற்றமுடியாத வடிவம் என்று எடுத்துக்கொண்டார், ஐன்ஸ்டைனுக்குப் பிறகு அதை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. ஹியூமின் கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிற பதில் இன்றுவரை இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

கணிதம் முழுக்க அனுபவத்துக்கு அப்பாற்பட்டதா என்பதும் எனக்குத் தீர்ந்த விஷயமாகப் படவில்லை. எந்த வரைபடத்தையும் அடுத்தடுத்த பகுதிகளுக்கு ஒரே நிறம் வராமல் நான்கே வண்ணத்தில் தீட்டிவிடலாம் என்பது நான்கு வண்ணத் தேற்றம். 1976-இல் அதை அப்பலும் ஹாக்கனும் கணினியை ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி நிரூபித்தார்கள், அதன் ஒவ்வொரு படியையும் எந்த மனிதரும் கையால் சரிபார்க்கவில்லை. இயந்திரம் ஒழுங்காக வேலை செய்தது என்ற நம்பிக்கை அங்கே நிரூபணத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அந்த நம்பிக்கை அனுபவத்திலிருந்து வந்தது. பிறவியிலேயே எவ்வளவு அறிவோடு வருகிறோம் என்பதிலும் சர்ச்சை ஓயவில்லை. ஐந்து மாதக் குழந்தைகள் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று எதிர்பார்க்கின்றன என்று கேரன் வின் 1992-இல் காட்டிய சோதனை புகழ்பெற்றது. அதைத் திரும்பச் செய்த எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை.

கடைசியாக, நீங்கள் இருவருமே விட்டுவிட்ட ஒன்று. சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாச்சாரியார் அளவைகளையெல்லாம் அடுக்கிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். உரை என்பதை அவர் சிவாகமங்களை மனதில் வைத்துச் சொன்னார், நான் அதை உலக வழக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்: நம்பத்தக்கவர் சொன்னதால் அறிவது. மேற்கில் நடந்த சண்டையில் இந்த மூன்றாவதற்கு நீண்ட காலம் மரியாதை இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தது. மேலே நான் சொன்ன 78,498-ஐ நீங்கள் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. இது கண்ணும் இல்லை, உங்கள் சொந்தக் கணக்கும் இல்லை, இருந்தாலும் அறிவுதான். ஆனால் இதற்கும் மற்ற இரண்டின் காவல் வேண்டும்.

உங்கள் இயற்பியல் ஆய்வகத்தையே பாருங்கள். ஊசலாட்டி ஈர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கிற பரிசோதனையில் 9.81 வரவில்லை என்றால், ரெக்கார்டு நோட்டில் வருகிற மாதிரி வாசிப்பைத் திருத்தி எழுதுகிற பழக்கம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. புத்தகம் சொன்னதற்காகக் கண் கண்டதை அழிக்கிறோம். ஆனால் 9.81 என்பது ஐரோப்பாவின் அட்சரேகைகளுக்குப் பொருந்துகிற எண். பூமி சுழல்வதாலும் நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் வர வர அது குறையும், 13 பாகையில் இருக்கிற சென்னையில் அது சுமார் 9.78. சாதாரண நூல் ஊசலில் இந்த வித்தியாசம் கைப்பிழைக்குள் அமுங்கிவிடும், அதை வைத்து எதையும் சாதிக்க முடியாது. கேட்டர் ஊசல், அதாவது தலைகீழாகத் திருப்பியும் ஆட்டக்கூடிய துல்லியமான தண்டு ஊசல், உங்கள் ஆய்வகத்தில் இருந்தால் அதில் இரண்டு எண்களும் தெளிவாகப் பிரியும். அதைப் பொறுமையாகச் செய்து, வந்த வாசிப்பைத் திருத்தாமல் எழுதி, ஏன் 9.81 வரவில்லை என்று பூமியின் சுழற்சியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலையை நண்பனிடம் கொடுங்கள். சுழற்சி மட்டும் முழு வித்தியாசத்தையும் தராது, மீதி எங்கே என்று அவர் உங்களிடம் கேட்க வேண்டி வரும்.